வாய் வீங்கிய மீன்

பல் டாக்டருக்குக் கை சும்மா இருக்காது. ஊரார் வாயிலெல்லாம் விரலை விட்டுப் பழகிய கை அது. எதைப் பார்த்தாலும் தொடத் துடிக்கும். நாற்பதைத் தாண்டிய பிறகு சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்க ஆசைப்பட்டார். ஆசையில் தப்பில்லை. ஆனால் போன முறை ஒரு நட்சத்திர மீனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், அதற்கு முந்தின முறை காலை ஊன்றிப் பவளக் கிளையை ஒடித்தார்.

அவருடைய தங்கைக்குக் கடல்தான் பிழைப்பு. பவளப்பாறையில் வாழும் மீன்களை இன்ன குடும்பம் என்று அடையாளம் கண்டு, அவை குஞ்சு பொரிக்கும் பருவத்தைக் கவனித்து எழுதுகிறவள். துணையில்லாமல் யாரும் அங்கே இறங்கக் கூடாது. வழக்கமாகக் கூட வருகிற தோழி பிரசவத்துக்குப் போய்விட்டாள். வேறு ஆள் கிடைக்காமல்தான் அண்ணனைக் கூப்பிட்டிருந்தாள்.

"அண்ணா, இன்னைக்கும் கை நீண்டுச்சுன்னா நாளைலேர்ந்து நீ வர வேணாம். இந்தப் பருவம் போனா போகட்டும்," என்றாள் படகில் ஏறும்போதே.

டாக்டருக்குச் சுருக்கென்றது. சின்ன வயதிலிருந்தே யாரிடமும் உதவி கேட்காதவள் அவள். தன்னிடம் கேட்டதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்.

போகும் வழியில் பாடம் நடத்தினாள். இன்று பார்க்கப் போவது கார்டினல் மீன் குடும்பம். உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண், முதுகில் தனித்தனியாக நிற்கும் இரண்டு துடுப்பு, பகலெல்லாம் பாறை இடுக்கின் நிழலில் கூட்டமாக அசையாமல் நிற்கும் பழக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம் என்றாள். அந்த நேரம் பார்த்துக் கடைவாய்ப் பல் வலி தாங்காத ஒருவர் டாக்டரை போனில் பிடித்துக்கொண்டார். ஒரு காதில் நோயாளி, மறு காதில் தங்கை. பாதிப் பாடம் காற்றோடு போயிற்று. புரிந்ததா என்று அவள் கேட்டதற்குப் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டி வைத்தார்.

கீழே எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பாறை இடுக்குக்குச் சற்றுத் தள்ளி, எதன் மேலும் படாமல் மிதந்து நின்றார்கள். பெரிய கண், இரண்டு துடுப்பு, நிழல். டாக்டர் தாமே கண்டுபிடித்துச் சுட்டிக்காட்டினார். தங்கை தலையசைத்துவிட்டுப் பக்கத்துப் பொந்துக்குத் திரும்பி, தண்ணீருக்குள் எழுதுவதற்கென்று கொண்டுவந்த பலகையில் எழுதத் தொடங்கினாள்.

அப்போதுதான் அந்த மீன் கண்ணில் பட்டது. கூட்டத்தில் அதற்கு மட்டும் தாடை புடைத்திருந்தது. வாயை மூட முடியாமல் நின்றது. சீழ் கட்டியிருக்கிறது, பாவம், என்று டாக்டருக்கு மனசு இளகிவிட்டது. எத்தனை நாளாக வலியோ! கையை நீட்டவில்லை, அது வரைக்கும் நல்ல பிள்ளைதான். ஆனால் கிளினிக்கில் செய்கிற மாதிரி, கையிலிருந்த டார்ச்சை நேராக அதன் வாய்க்குள் அடித்தார்.

மீன் வெடுக்கென்று பின்வாங்கியது. வாயிலிருந்து ஜவ்வரிசி போல ஒரு சிறு கொத்து பிரிந்து விழுந்தது. எங்கிருந்தோ வந்த பச்சை நிற மீன் ஒன்று அதை ஒரே வாயில் விழுங்கிவிட்டுப் போயிற்று.

டாக்டர் விளக்கை அணைத்தார். தங்கை திரும்பிப் பார்த்தபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் வந்து பக்கத்தில் மிதந்தாள். இருவரும் அசையாமல் காத்திருந்தார்கள். வெகு நேரம் கழித்து அந்த மீன் முன்னால் வந்து, வாயை அகலத் திறந்து, உள்ளே இருந்ததைப் புரட்டிப் போட்டுக்கொண்டது. வாய் நிறைய முட்டை. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு வெள்ளிக் கண்கள். அத்தனையும் தன்னையே பார்ப்பதாக டாக்டருக்குத் தோன்றியது. முகமூடிக்குள் கண் கலங்கினால் துடைக்கவும் வழியில்லை.

படகுக்கு வந்ததும் தங்கை சிரித்தாள். முட்டைகளை வாயில் வைத்துக் காப்பது அப்பன் மீன்தான், குஞ்சு பொரிக்கும் வரை பட்டினி கிடக்கும், மிரண்டால் முட்டையைத் துப்பிவிடும், இப்படி வாய் திறந்து காட்டுவது அபூர்வம் என்றாள். இன்று அண்ணன் கையைக் கட்டி நின்ற அழகுக்கு அது கொடுத்த பரிசாம். நாளைக்கும் அவரே வரட்டுமாம்.

பேசாமல் இருந்துவிடலாம். பச்சை மீனைத் தவிர சாட்சி யாருமில்லை.

"கொஞ்சம் முட்டை போயிடுச்சும்மா," என்றார் டாக்டர். "சீழ்னு நினைச்சு வாய்க்குள்ள டார்ச் அடிச்சேன். நீ சொன்னதுல பாதி என் காதுலயே விழல. விழாமலே தலையாட்டிட்டேன்."

சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் பலகையை எடுத்து, எழுதியிருந்ததன் கீழே ஒரு வரி சேர்த்தாள். பிறகு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் நீச்சல் காலுறையைக் கழற்றத் தொடங்கினார். இனி அதற்கு வேலையில்லை.

"மறைக்கிற ஆளோட என்னால தண்ணிக்குள்ள போக முடியாதுண்ணா. நீ மறைக்கல," என்றாள் தங்கை, இன்னும் கடலைப் பார்த்தபடியே. "அந்த டார்ச்சை இப்படிக் கொடு. நாளைக்கு அது என்கிட்டயே இருக்கட்டும். உன் போனும்."