ஆடு விழுந்த பாலம்

பலகையைச் சரியாகப் போட்டால் ஆட்டுக்குட்டி பாலத்தைக் கடக்கும். தப்பாகப் போட்டால் ஆற்றில் விழும். மடிக்கணினித் திரையில்தான் என்றாலும் விழும்போது அது நிஜ ஆடு போலவே கத்தும். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே பின்னம் கற்கட்டும் என்று தலைநகர் மொந்தேவிதேயோவில் யாரோ நல்லெண்ணத்தோடு செய்து அனுப்பியது. பாதிப் பிள்ளைகள் அந்தக் கத்தலைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே தப்புத் தப்பாகப் போட்டார்கள்.

யானெலா மட்டும் ஒரு ஆட்டையும் விழவிட்டதில்லை. கால் பலகை கிடந்தால் முக்கால், மூன்றில் ஒன்று கிடந்தால் மூன்றில் இரண்டு. யோசிக்கவே மாட்டாள். அவள் அம்மா ஊரார் துணியைத் துவைத்துப் பிழைப்பவள். அதே வகுப்பில் சுல்மா, கறிக்கடை வில்மரின் மகள். இரண்டு பேர் முகத்திலும் இருந்தது வில்மரின் மூக்குதான். அப்பா ஒருவர், அம்மா வேறு என்றால் அந்த ஊர்ப் பேச்சில் அரைச் சகோதரி. சுல்மா அந்த அரையைக்கூட வாயால் சொன்னதில்லை. எல்லார் காதிலும் விழும்படி அவள் ஒருமுறை 'தங்கச்சி' என்று சொல்லிவிட்டால் போதும் என்று கிடந்தது யானெலாவின் மனசு.

அந்தப் பலகை விளையாட்டில் வகுப்பின் இறுதிப் போட்டி சுல்மாவுக்கும் யானெலாவுக்கும். பெற்றவர்கள் பார்க்க வரும் நாள். காலையிலேயே சுல்மா அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள்.

"ஏய், இன்னிக்கு எங்கிட்ட தோத்துடு."

"எதுக்கு?"

"எங்கப்பா வர்றாரு. நீ தோத்தா, எல்லார் முன்னாடியும் உன்னைத் தங்கச்சின்னு சொல்றேன்."

"அரைன்னு சொல்ல மாட்டியே?"

"முழுசாவே சொல்றேன், போதுமா?"

வில்மர் அக்குளில் வெந்நீர்க் குடுவையும் கையில் உறிஞ்சுகுழல் போட்ட மாத்தே இலைக் கஷாயமுமாக வந்து கதவோரம் சாய்ந்து நின்றார். கடைசிக் கேள்வி வந்தது. பாலத்தில் அரைப் பலகை கிடந்தது. யானெலா கண்ணை மூடிக்கொண்டு கால் பலகையைப் போட்டாள். ஆடு கத்திக்கொண்டே விழுந்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

"பாதிக்கு மீதி பாதி! அதுகூடத் தெரியலையா, கழுதை?" என்று பின்வரிசை கூவியது.

டீச்சர் ஊருக்குப் புதிது. பாவம், மூக்கை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டாள். "விடு கண்ணு. வில்மர் ஐயா, உங்க ரெண்டு பொண்ணுமே கெட்டிக்காரிங்க!"

பெரியவர்கள் எல்லாரும் வில்மர் பக்கம் திரும்பினார்கள். யானெலா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். வில்மர் மாத்தேயை அடிவரை உறிஞ்சி முடித்தார்.

"ரெண்டா? ஒண்ணரைன்னு சொல்லுங்க, டீச்சர்."

பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அப்பாவுக்கும் பின்னம் வருதே!" என்று டீச்சரும் சிரித்தாள். பிள்ளைகளில் முதலில் புரிந்துகொண்டவள் யானெலாதான். பின்னத்தில் அவளை முந்த ஆளில்லையே.

அவள் சுல்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சொல்றேன்னு சொன்னியே."

"அதான் எங்கப்பாவே கணக்குச் சொல்லிட்டாரே. அவருக்கு மேல நான் கூட்டிச் சொல்ல முடியுமா?"

யானெலா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். திரையில் ஆட்டுக்குட்டி மறுபடி கரையில் வந்து நின்றது. பாலத்தில் அதே அரைப் பலகை. அவள் கால் பலகையைப் போட்டாள். விழுந்தது. அடுத்ததற்கும் கால் பலகையைத்தான் போட்டாள். பிறகு கத்தல் நன்றாகக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள்.