இறக்கைக்கு இரண்டு கிலோ கழிவு

இறக்கையைக் குப்புறக் கட்டியதுமே கணக்கப்பிள்ளை கன்னையாவுக்கு என் படிப்பின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

"ஏன் புள்ள கோகிலா, கம்பஸ்ல நாலு வருசம் படிச்சிட்டு றெக்கைய தலகீழா மாட்டுறியே?"

"பறக்கிறப்ப காத்து கீழ இருந்து மேல தள்ளும்ங்க ஐயா. இங்க காத்துக்குப் பதிலா மண்மூட்டை. மூட்டை கீழதான அழுத்தும்? அதான் றெக்கைய திருப்பிட்டேன்."

"ஹரி ஹரி" என்றார். 'சரி சரி' என்று அர்த்தம்; சொன்னது ஒன்றும் ஏறவில்லை என்பதற்கு அவர் வைத்திருக்கும் சிங்களம் அது.

2003ஆம் ஆண்டு. கம்பஸில், அதுதான் பல்கலைக்கழகத்தில், ஊழியர் வேலைநிறுத்தம், ஆய்வுகூடத்துக்குப் பூட்டு. என் இறுதியாண்டு வேலையோ, கிளைடர் என்னும் இயந்திரமில்லாத சின்ன விமானம் ஒன்றின் மர இறக்கையைச் செய்து, அது எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று காட்டுவது. இருநூறு கிலோ தாங்கினால் நான் இஞ்சினியர். தாங்காவிட்டால் இன்னொன்று செய்ய வேண்டும். அதற்கு மரமும் இல்லை, நாளும் இல்லை. எட்டடி இறக்கையை பஸ்ஸில் ஏற்றி, அதற்கும் ஒரு டிக்கட் வாங்கி, புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் பலமான தூணும் இருந்தது, தராசும் இருந்தது.

தராசை மட்டும் கன்னையா யாரையும் தொட விடமாட்டார். அதன் முகம் எப்போதும் அவர் பக்கம். கொழுந்து போடும் பெண்கள் அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறார்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் ஒரு கிலோ கழிப்பது வழக்கம். அதற்கு மேலும் கழிகிறது என்று என் அம்மா மூக்காயி பத்து வருடமாகச் சண்டை போடுகிறாள். "ஒரு கிலோதான், சாமி சத்தியமா" என்று அவரும் பத்து வருடமாகச் சத்தியம் செய்கிறார்.

பத்துப் பத்துக் கிலோவாக மண்மூட்டை கேட்டேன். காய்ந்த மண். கன்னையா தானே நிறுத்து, "பத்து!" "பத்து!" என்று கோயிலில் ஏலம் விடுவது போலக் கூவிக் கூவித் தந்தார்.

ஒவ்வொன்றாக அடுக்கினேன். பத்து மூட்டைக்கு இறக்கை லேசாக வளைந்தது. பதினைந்துக்கு முனகியது. பதினேழையும் தாங்கி நின்றது. பதினெட்டாவதை வைத்தேன். படார்!

தாங்கியது நூற்றெழுபது. முப்பது கிலோ குறைவு. அந்தி நிறுவைக்குக் கூடைகளோடு வந்திருந்த, அம்மா உட்பட ஐம்பது பெண்களுக்கு முன்னால், உடைந்த மரத்தின் மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமாவது மண்ணாவது.

கன்னையா பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். அம்மாவைப் பார்த்தார். அவள் எட்டத்தில் நிற்கிறாள் என்று உறுதி செய்துகொண்டு என் காதருகே குனிந்தார்.

"அழாத புள்ள. அது... பத்து இல்ல. பன்னெண்டு. கை பழக்கத்துல ரெண்டு ரெண்டா கழிச்சிட்டேன்."

பதினேழு பன்னிரண்டு இருநூற்று நான்கு! என் இறக்கை தாங்கியிருக்கிறது! சந்தோஷத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. துள்ளி எழுந்து கத்தினேன்.

"அம்மா! ஐயா மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சிட்டாராம்!"

ஐம்பது பெண்களும் கன்னையாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கன்னையாவின் முகம் வாடிய கொழுந்தாகிவிட்டது. நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் என் வேலை முடியவில்லையே. அளந்தவர் கையெழுத்து இல்லாமல் எந்த அளவையும் எங்கள் பேராசிரியர் ஏற்கமாட்டார்.

"ஐயா, நீங்க பத்துன்னு சொன்னது உண்மைல பன்னெண்டுன்னு எழுதி ஒரு கையெழுத்து வச்சுத் தரணும்."

அவர் என்னைப் பார்த்தார், உடைந்த இறக்கையைப் பார்த்தார், பேனாவையே விஷம் போலப் பார்த்தார். எழுதாவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை. எழுதினால் அவர் கதி? பாவம், நல்ல மனுஷன்தான். "பாஸாகு புள்ள" என்று முணுமுணுத்தபடி தாளை வாங்கினார்.

அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாக முன்னால் வந்தாள்.

"நல்லா எழுதுங்கய்யா. ரெண்டு கொப்பியா எழுதுங்க. ஒண்ணு கம்பஸுக்கு, ஒண்ணு எங்களுக்கு."