வெடிக்காத எட்டுக் குழிகள்

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடியில் என் பனியன் கம்பெனிச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிந்தது. ஓடிக்கொண்டிருந்த நிட்டிங் மிஷின் ஒரு சாண் நகர்ந்தது. யார் வேலை என்று நான் யோசிக்கவே இல்லை. வேலம்பாளையத்தில் தரை ஆடினால் யாரோ கிணற்றுக்கு வெடி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பக்கத்துத் தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தவர் என் தங்கை ரங்காத்தாளின் புருஷன் பொங்கியண்ணன்.

வெடி வைக்கும் லிங்கசாமி எங்களுக்குத் தூரத்துப் பங்காளி, ரங்காத்தாளுக்கு அண்ணன் முறை. விசில் ஊதி ஆட்களை விரட்டிவிட்டுத்தான் திரியைப் பற்றவைப்பான். அன்றைக்கு விசில் இல்லை. சொல்லாமல் வைத்தார்கள் என்றால் வேண்டுமென்றே வைத்தார்கள். அவன் கிணற்றுக்குள் கால் முறிந்து கிடந்தான் என்று கேள்விப்பட்டதும் இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. திருட்டு வெடி அவர்கள் மேலேயே திரும்பியிருக்கிறது. பேப்பரில் நிலநடுக்கம் என்று போட்டிருந்தார்கள். கோயமுத்தூரில் நடுங்கியிருக்கும், என் சுவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஆவணியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். ரங்காத்தாள் மூன்று முறை வந்து கூப்பிட்டாள்.

"உன்ற ஊட்டுக்காரரு வந்து ஒத்துக்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றேன்.

"செய்யாதத எப்படீங்ண்ணா ஒத்துக்குவாரு?" என்று கேட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள். அந்த அழுகையும் எனக்கு நடிப்பாகவே தெரிந்தது.

காதுகுத்து அன்று காலை நிலவியல் படித்த அதிகாரி ஒருவர் சுவரைப் பார்க்க வந்தார். குமாரவேல் என்று பெயர்.

"பல மைல் ஆழத்துல, சூட்டுல பாறையே குழைஞ்சு மெள்ள நகருதுங்க. அதோட சேர்ந்து நம்ம தரையும் வடக்கே போகுது. அங்க முட்டித்தான் இமயமலை எழும்புது, அடிக்கடி நடுக்கமும் வருது. அந்த அழுத்தம் இங்க இருக்கற பழைய விரிசல் வரைக்கும் எட்டும்னு நாங்க நினைக்கறோம்."

"வடக்க மலை வளந்தா என்ற செவுரு எதுக்குங்க விரியோணும்? பொங்கியண்ணன் ஊட்டுல காப்பி குடிச்சீங்களா?"

அவர் சிரித்தார். "குடிச்சனுங்க. கெணத்துலயும் எறங்கிப் பாத்தேன். நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. எல்லோரும் காதுகுத்துக்காகக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் செய்த வேலைக்குக் கண்ணால் சாட்சி தேட இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று இறங்கினேன். அடியில் பாறை முழுசாக இருந்தது. வெடிக்கு அடித்த குழிகள் எட்டு. மண் விழாமலிருக்கத் திணித்த துணி எட்டிலும் அப்படியே இருந்தது. ஒன்றுகூட வெடிக்கவில்லை. கிடந்த கற்கள் எல்லாம் மேல் விளிம்பிலிருந்து சரிந்தவை. அவற்றுக்கடியில்தான் லிங்கசாமி கிடந்திருக்கிறான்.

கோயிலுக்கு ஓடினேன். கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த லிங்கசாமியின் மடியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. இரண்டு காதிலும் குத்தியாகிவிட்டது.

ரங்காத்தாள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வாங்க" என்றாள். "இருந்து சாப்ட்டுட்டுப் போங்க."

அண்ணா என்று சொல்லவில்லை.