மூன்று கவுன்சலர்களும் ஒரு திருப்பமும்

மூன்றாவது குடும்பநலக் கவுன்சலரின் அறையை விட்டு வெளியே வந்ததுமே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணவனும் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை மாதமாகிவிட்டது!

அவள் பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்ப்பவள். அவன் டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எடுப்பவன். குறை கண்டுபிடிப்பதில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. பிரிவதற்கு முன் மூன்று பேரிடம் போய்ப் பார்ப்பது, யார் தேறுகிறாரோ அவரிடம் தொடர்வது, யாரும் தேறாவிட்டால் அவள் விடுதிக்குப் போய்விடுவது என்று பேச்சு. விடுதிக்கார அம்மாவுக்கு இன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

காரை அவள்தான் ஓட்டினாள்.

"முதல் ஆளு எப்படி?" என்று கேட்டாள்.

"ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் திருப்பிச் சொல்லணுமாம். கிளிப்பிள்ளை பாடம். அவரைத் தள்ளு."

"ரெண்டாவது அம்மா?"

"எங்கப்பா அடிச்சாரா, உங்கம்மா கொஞ்சினாங்களான்னு கேட்டே நேரத்தை ஓட்டிட்டாங்க. நம்ம சண்டைக்கு வரவே இல்ல."

"இவரு வீட்டுப்பாடம் குடுக்கறாரு. தினமும் கைகோத்து நடக்கணுமாம். நல்லவேளை, முட்டி போடச் சொல்லல."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில் திருப்பத்தில் கொஞ்சம் ஒடித்துத் திருப்பிவிட்டாள். பின்சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசியது.

அவன் வாய் டப்பென்று மூடிக்கொண்டது.

இந்த மௌனம்தான். இதற்குப் பயந்துதான் அவள் விடுதியில் அறை பார்த்தாள். வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"கல்லுல இடிச்சேன்னு சொல்லிடுங்களேன். நீங்க பேசாம உக்காந்தாலே எனக்கு ஃபெயில் போடறீங்கன்னு தோணுது. சமையக்கட்டுல, படுக்கையில, எல்லா இடத்துலயும்."

அவன் திருதிருவென்று முழித்தான். "டெஸ்ட்டுல பேசக்கூடாது. பேசினா ஓட்டறவங்க பதறிடுவாங்க. நீ பதறக் கூடாதுன்னுதான் வீட்டுலயும்..."

"அப்ப இத்தனை வருஷமும் நான் டெஸ்ட்டுலயா இருந்தேன்?"

அவன் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். ஒவ்வொரு வார்த்தையாகத் தடவித் தடவிச் சொன்னான். "நான் பேசாம இருந்தா, உன்னை ஃபெயில் பண்றேன்னு உனக்குத் தோணுது. அதானே நீ சொன்னது? சரியா சொல்லிட்டேனா?"

டெஸ்ட்டுக்கு வந்தவனைப் போல அவன் முகத்தில் வியர்வை. தள்ளிவிட்டு வந்த அந்தக் கிளிப்பிள்ளை பாடம்தான் இது.

"அதேதான்," என்றாள்.

ஃபோனை எடுத்து விடுதிக்கார அம்மாவைக் கூப்பிட்டாள். "அறையை வேற யாருக்காவது குடுத்துடுங்கம்மா."

வண்டி கிளம்பியது. கண்ணாடியைப் பார், கியரை மாற்று, லாரிக்கு வழி விடு என்று வீடு வரைக்கும் அவன் வாய் ஓயவே இல்லை. கேட்கக் கேட்க அவளுக்கு இனித்தது.