உப்புக்குப் பிரேக் இல்லை

"இழுடா! இன்னம் இழு! சோறு திண்ட கைதானே?"

மஹ்ரூப் ஹாஜியார் கீழே நின்று உறுமினார். லொறியின் மேல் நின்ற கூலியாள் ஹிஸ்புல்லா, உப்பு மூடைகளுக்குக் குறுக்கே கயிற்றைப் போட்டு, விரல் வெளுக்க இறுக்கினான்.

பாலாவிச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால், உப்பளங்களைத் தாண்டியதும், தெருவோரத்தில் நின்றது அந்த லொறி. பிரேக் அடித்த வேகத்தில் மூடைகள் முன்னுக்குப் பாய்ந்து, டிரைவர் இருக்கும் முன்கூட்டின் முதுகைப் பிளந்துவிட்டிருந்தன. கால் நசுங்கிய டிரைவர் சஜீவனைப் பொலிஸ் ஜீப்பே புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருந்தது. அது வாகனப் பரிசோதகரோடு திரும்புவதற்குள் கட்டி முடிக்க வேண்டும்.

கயிறு இருந்தால் குற்றம் சஜீவனுடையது: கண்மண் தெரியாமல் ஓட்டினான், லைசென்ஸ் போகும். கயிறு இல்லாவிட்டால் குற்றம் லொறிச் சொந்தக்காரரான ஹாஜியாருடையது. நல்ல வேளை, ஹிஸ்புல்லாவின் மோட்டார் சைக்கிளில் ஒரு கயிற்றுச் சுருள் கிடந்தது. அது அங்கே எப்படி வந்தது என்று கேட்கிற அளவுக்கு ஹாஜியார் கூலிக்காரர்களை மனிதராய் மதித்ததில்லை.

இருபது வருடமாக அவருடைய லொறிகள் கயிறில்லாமல்தான் உப்பேற்றின. கட்டி அவிழ்க்க அரை மணி வீண். கயிறு கேட்ட டிரைவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "உப்பு மூடைக்கு அதுட கனமே கயிறு. பஞ்சா, பறக்கிறதுக்கு?" இன்று காலை, மீன்பிடியை விட்டு வந்த சஜீவனுக்குக் கொசுறாக இன்னொன்றும் கிடைத்தது: "பயமா இருந்தா கடலுக்கே திரும்பிப் போ. அங்க கயிறு நிறைய இருக்கு."

ஜீப் வந்து நின்றது. இறங்கிய பரிசோதகரைக் கண்டதும் ஹாஜியாருக்குப் பாதி பயம் போய்விட்டது. பெண்! முப்பது வயதுகூட இராது. கையில் ஓர் அளவு நாடா. சட்டை தைக்க அளவெடுக்க வந்தவளா இவள்?

"வாங்க மிஸ். அவன் பேய் ஓட்டம் ஓடினவன். நாயொன்டு குறுக்க வந்திச்சாம், ஹிஸ்புல்லா கண்டானாம். மடையன், நாய்க்குப் போய்ப் பிரேக் அடிச்சிருக்கான்."

பரிசோதகர் அஸ்ரியா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தாரில் கறுத்துக் கிடந்த டயர்த் தடத்தை அளந்தாள்.

"பன்னிரண்டு மீற்றர். நாப்பத்தஞ்சு, அம்பதுல வந்திருப்பான். உங்கட பேய் மெதுவாத்தான் ஓடும் போல."

பிறகு லொறியில் ஏறினாள். கயிற்றை விரலால் சுண்டினாள். விறைப்பாக அதிர்ந்தது.

"எப்ப கட்டினது?"

"காலைல, உப்பளத்துலயே. கட்டாட்டியும் பரவாயில்ல மிஸ். கனமான சாமான் அசையாது."

"அப்படியா? யார் சொன்னது?"

"இருபது வருஷ அனுபவம்."

"ஒரே பிழைய இருபது வருஷம் செஞ்சிருக்கீங்க." அவள் குரல் உயரவில்லை. "கனம் கூடினா தட்டோட பிடிமானம் கூடும், சரி. ஓடுற மூடைய நிப்பாட்டத் தேவையான விசையும் அதே அளவு கூடுமே ஹாஜியார்! ஒரு மூடையும் ஒன்டுதான், நூறு மூடையும் ஒன்டுதான். பிரேக் டயருக்குத்தான் இருக்கு. உப்புக்கு இல்ல. லொறி நின்டாலும் அது வந்த வேகத்துல போய்க்கொண்டேதான் இருக்கும், எவனாவது ஒருத்தன்ட முதுகுல முட்டுற வரைக்கும். ஓ-லெவல் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்."

ஹாஜியாரின் தாடி துடித்தது. "அதான் கட்டியிருக்கமே!"

"காலைல கட்டின கயிறு என்டா, மூடை ரெண்டு அடி முன்னுக்குப் பாஞ்சப்போ அறுந்திருக்கும், இல்லாட்டி தொளதொளத்திருக்கும். இது மூடை இப்ப கிடக்கிற கிடைக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."

"டேய் ஹிஸ்புல்லா! சொல்லுடா, காலைல கட்டினதுதானே?"

ஹிஸ்புல்லா பிளந்த முன்கூட்டைப் பார்த்தான். இருக்கையில் இரத்தம் இன்னும் காயவில்லை.

"இல்ல மிஸ். இப்பதான் கட்டினேன். ஹாஜியார்தான் கட்டச் சொன்னார்."

"நன்றி கெட்டவனே! திங்கிறது எவன்ட சோறுடா?"

அஸ்ரியா ஹாஜியாரின் பக்கம் திரும்பவே இல்லை. "அப்ப அந்த நாய்? சஜீவனிட்ட ஆஸ்பத்திரில கேட்டேன். எதுக்குப் பிரேக் அடிச்சேன்டு மட்டும் அவன் வாயே திறக்கல்ல."

ஹிஸ்புல்லா அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"நாய் வரல்ல மிஸ். நான்தான் வந்தேன். 'கயிறொன்டு கொண்டா மச்சான், ஹாஜியார்ட கண்ணுல படாம சந்தில வச்சுக் கட்டுவம்' என்டு காலைல சஜீவன்தான் சொன்னான். லொறி தாண்டிப் போயிடும் என்ட அவசரத்துல, உள் ரோட்டால வந்து மோட்டார் சைக்கிள நேரா அவனுக்கு முன்னால விட்டுட்டேன்."

அவன் குனிந்து, மூடைகளின் மேல் விறைத்து நின்றதைத் தொட்டான்.

"அப்ப என்ட சைக்கிள்ல கிடந்த கயிறுதான் மிஸ், இது."