தகப்பன் பெயர்

நேசமலர் என் தலைமுடியை வெட்டிக்கொண்டிருந்தாள். டோர்ட்மண்டில் நாங்கள் இருந்த அகதிகள் விடுதியில் மனைவிமார்தான் முடி வெட்டுவார்கள். ஜன்னலோரம் ஒரு கதிரையில் நான், கழுத்தைச் சுற்றி நான் உடுத்துக் கழித்த பழைய சாரம். வலப்பக்கத்தை முடித்துவிட்டு இடப்பக்கம் வந்தாள்.

“தலையை ஆட்டாதேங்கோ. பிறகு காது போனால் என்னைச் சொல்லக் கூடாது.”

அதற்குப் பிறகு கத்தரிக்கோலின் ஓசை வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வயிற்றைப் பிடித்தபடி கட்டிலில் இருந்தாள். ஏழாம் மாதம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. 1986, இலையுதிர்காலம்.

முதல்நாளும் நோகிறது என்று டொக்டரிடம் போயிருந்தோம். அடுத்த அறை நடேசன் அண்ணைக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரியும், கூட வந்தார். டொக்டர் வயிற்றைத் தொடாமலே ஏதோ சொன்னார். வெளியே வந்த பிறகுதான் அண்ணை அதைத் தமிழில் சொன்னார்: “உங்கடை நாட்டுப் பொம்பிளையள் சின்ன நோவுக்கும் பயப்பிடுவினமாம்.” நேசமலர் அங்கே ஒரு முறைகூட முனகவில்லை.

அன்று அவளைக் கொண்டுபோன அம்புலன்ஸில் என்னை ஏற்றவில்லை. ட்ராமில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையை வெளியே எடுத்து, அவளுக்கு வயிற்றைத் தைத்து முடித்திருந்தார்கள். மகன் வேறொரு மாடியில், குறைமாதக் குழந்தைகளின் பகுதியில் இருந்தான். அங்கே பெற்றோரைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை.

கதவைத் திறந்த தாதி உயரமானவள், நரைத்தவள். என்னைப் பார்த்து, “ஹெர் இராசலிங்கம்?” என்றாள்.

ஹெர் என்றால் திரு. இராசலிங்கம் என் மாமனார். சுன்னாகத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். என் பெயர் நித்தியானந்தன். அதை விளக்கத் தெரிந்த சொற்களையெல்லாம் அடுக்கினேன். தகப்பனுக்கு ‘ஃபாட்டர்’ என்று அறிந்திருந்தேன். “இராசலிங்கம் ஃபாட்டர். என்னுடைய மனைவி, ஃபாட்டர்.”

மனைவியின் தகப்பன் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. பிள்ளையின் தகப்பன் வேறொருவன் என்று அவளுக்குக் கேட்டிருக்கிறது. பாதி வெட்டிய என் தலையை ஒரு பார்வை பார்த்தாள். இராசலிங்கம் எப்போது வருவார் என்று கேட்டாள். பிறகு, நடைபாதையில் இருந்த கண்ணாடிச் சுவரைக் கையால் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் பெட்டிகள். கடைசிப் பெட்டியில் என் மகன், கறுத்த மயிருடன், வாயில் குழாயுடன். நான் அங்கே நின்றபோது ஒரு ஜெர்மன் பையன் வந்தான். அவனும் அவனுடைய பெண்ணும் கலியாணம் கட்டாதவர்கள். இருவருக்கும் வேறு வேறு பெயர் என்று பிறகு தெரிந்தது. அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பச்சை மேலங்கி கொடுத்தார்கள். உள்ளே போய்த் தன் பிள்ளையின் காலைப் பிடித்தான்.

கீழே நேசமலருக்கு எழும்ப ஏலாது. நான் வாசலில் தெரிந்ததும் கேட்டாள்.

“தொட்டனீங்களோ?”

“இல்லை. விடுகினமில்லை.”

மறுநாளும் அதே கேள்வி. நடேசன் அண்ணையும் என்னுடன் வந்திருந்தார். தாதி என்னை ஹெர் இராசலிங்கம் என்று கூப்பிட்டதைச் சொன்னேன். நேசமலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

“கொண்டு வரேக்கை ஒருத்தி கேட்டவ, ஃபாட்டர் ஆர், ஃபாட்டர் ஆர் எண்டு. நான் ஐயான்ரை பேரைச் சொன்னனான். பள்ளிக்கூடத்திலை கேட்டாலும், பாஸ்போட்டுக்குக் கேட்டாலும், தகப்பன் பேரெண்டால் என்ரை ஐயாதானே!”

அவளுடைய கடவுச்சீட்டிலும் நேசமலர் இராசலிங்கம் என்றே இருந்தது. இராசலிங்கம்தான் அவளுடைய புருஷன் என்பது அவர்களுக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. எங்கள் கலியாணப் பதிவு ஊரில் கிடந்தது. அதை எடுப்பித்து, மொழிபெயர்த்து, முத்திரை குத்திக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். பிள்ளைக்கு அவ்வளவு நேரம் இருப்பதாக டொக்டர்களின் முகம் சொல்லவில்லை.

“மாமா சுன்னாகத்திலை இருந்து பறந்து வரப் போறாரே?” என்றார் நடேசன் அண்ணை. “நீ மாமாவாய்ப் போ, தம்பி. இவையளுக்கு எங்கடை மூஞ்சி எல்லாம் ஒண்டுதான்.”

“என்ரை அகதிக் கேஸ் விசாரணையிலை இருக்கு, அண்ணை. ஒரு பேர் பொய்யெண்டால் சொன்னதெல்லாம் பொய்யெண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

நேசமலர் என் கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு விட்டாள்.

நான் மேலே போனேன். அதே தாதி. அதே கேள்வி. “ஹெர் இராசலிங்கம்?”

“யா,” என்றேன்.

முதல்நாள் நான் இராசலிங்கம் அல்ல என்று சொன்ன அதே ஆளிடம்தான் அவள் பேசிக்கொண்டிருந்தாள், தலைமுடியே சாட்சி. சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைத் திருப்பி நிறுத்தி, மேலங்கியின் நாடாவை முதுகில் கட்டிவிட்டாள். அவள் தெரிந்துகொண்டே விட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அந்த நாடாவை முதல்நாளே கட்டியிருக்கலாம் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

பெட்டியின் பக்கத்துத் துளையால் கையை விட்டேன். என் சுண்டுவிரலை அவன் உள்ளங்கையில் வைத்தேன். மூடிக்கொண்டான்.

கீழே ஓடினேன். “தொட்டன்.”

“எப்பிடி இருக்கிறான்?”

“சூடாய் இருக்கிறான்.”

அடுத்த நாள் காலை அந்தத் தாதியே நேசமலரைச் சக்கர நாற்காலியில் மேலே கொண்டுவந்தாள். “ஹெர் இராசலிங்கம், கதவைப் பிடியுங்கள்” என்று கையைக் காட்டி என்னிடம் சொன்னாள். நேசமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் நோகும் என்று வயிற்றை அமர்த்திக்கொண்டு சிரித்தாள். “ஐயா, கதவைப் பிடியுங்கோ” என்றாள் என்னிடம்.

பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். அன்று முழுவதும் அவன் அவளுடைய நெஞ்சில் கிடந்தான். பின்னேரம், அங்கேயே, அவன் மூச்சு நின்றது. தாதி உடனே எடுக்க வரவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வெளியே நின்றாள்.

இப்போது எனக்கு ஜெர்மன் தெரியும். எங்கள் ஆட்களில் யாருக்காவது குறைமாதத்தில் பிள்ளை பிறந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். போனதும் முதல் வேலையாகப் பிள்ளையின் தகப்பனை முன்னால் நிறுத்தி, இவர்தான் என்று சொல்வேன். போன மாசியில் புஸ்பவதி என்ற இளம் தாய்க்காக அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுவருக்கு மஞ்சள் பூசியிருக்கிறார்கள், தாய்மாருக்குச் சாய்கதிரை போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பகுதியின் கதவுக்கு இன்றைக்கும் வெளிப்பக்கம் கைப்பிடி இல்லை. மணியை அடித்துவிட்டு நிற்க வேண்டும்.