ஆளில்லாத ஊருக்கு இரண்டு சீட்

லான்மடா பேட்டையில் மாவரைக்கும் வீடு எது என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கைகாட்டும். விக்டோரியாவின் தோசை மாவு வராமல் பக்கத்துப் பேட்டை லத்தா வரைக்கும் பல டீக்கடைகளில் அடுப்புப் பற்றாது. ஒரு காலத்தில் ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டியவள், இப்போது முன்னறையில் மோட்டார் வைத்த பெரிய கிரைண்டர் போட்டிருக்கிறாள். கூடமாட உதவிக்குப் பக்கத்து வீட்டு நாஜியா. அந்த மோட்டாரைப் பொருத்த வந்தவன்தான் பக்கத்து ஊரான தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் கார்த்திகேசன். வந்தவன், விக்டோரியாவின் மகள் ஷாரோனின் மனசையும் சேர்த்து ஓடவிட்டுப் போனான்.

அப்பா ஜெபதாஸுக்குப் பையனைப் பிடிக்காமலில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம்: கல்யாணப் பேச்சென்றால் அண்ணன் தம்பி மூவரும் கூடித்தான் முடிவு சொல்வார்கள். தம்பிகளில் நெல்சன் பெர்த்துக்கும் ஆண்ட்ரூ பினாங்குக்கும் போய் எத்தனையோ வருஷமாயிற்று. ஷாரோன் வளர்ந்ததையே அவர்கள் போட்டோவில்தான் பார்த்தார்கள். ஆனாலும் போன ஞாயிறு போனிலேயே சபை கூடியது. "வேற சாமி கும்பிடுற குடும்பம், வேணாண்ணே" என்றார்கள் இருவரும்.

"ரெண்டு பேர் சொல்லிட்டாங்கம்மா, நான் ஒருத்தன் என்ன பண்றது?" என்று ஜெபதாஸ் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து ஷாரோனுக்குச் சோறு இறங்கவில்லை.

இருந்தாலும் திங்கட்கிழமை அவள் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்காக மாதிரிப் பாடம் எடுத்தாக வேண்டும். இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் முந்திக்கொண்டு வந்தது ஏன், அதனால் அரசியல் எப்படி மாறியது என்பது பாடம். சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவையே மாணவனாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். சரித்திரம் என்றால் ஜெபதாஸுக்கு உயிர்.

"அங்க கூலி ஜாஸ்தி, நிலக்கரி மலிவு. அதனால மெஷின் வைக்கிறதுதான் கட்டுப்படியாச்சு. பஞ்சு கப்பல்ல வந்துச்சு, துணி வாங்க உலகம் பூரா ஆள் இருந்துச்சு."

"இங்கயும் அதே கததான்" என்றாள் உளுந்து களைந்துகொண்டிருந்த விக்டோரியா. "டீக்கடைக்காரங்க கேட்டாங்க, என் தோள்பட்டை போச்சு, மெஷின் வந்துச்சு."

"இந்தா, பாடம் நடக்கையில பேசாத. நீ சொல்லும்மா."

"மெஷின் வந்த எடத்துக்கு ஜனமும் வந்துச்சு. மான்செஸ்டர் பெரிய ஊராயிருச்சு. ஆனா பார்லிமெண்ட்ல அதுக்குன்னு ஒரு சீட் கூட இல்லப்பா. ஓல்டு சேரம்னு ஒரு வெறும் மேடு, அதுல ஒருத்தர்கூடக் குடியில்ல. அதுக்கு ரெண்டு சீட்!"

ஜெபதாஸ் லுங்கித் தொடையில் ஓங்கித் தட்டினார். "என்ன அநியாயம்! ஊர விட்டே போயாச்சு, அப்புறம் என்ன சீட்? இருந்து ஒழைக்கிறவனுக்கு ஒண்ணுமில்லையா?"

உளுந்தில் அளைந்த விக்டோரியாவின் கை நின்றது.

"என்னங்க, பெர்த்துக்கு ஒரு சீட், பினாங்குக்கு ஒரு சீட். இந்த வீட்டு மான்செஸ்டருக்கு எங்க?"

நாஜியா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் படித்தும் இது ஷாரோனுக்குத் தோன்றவில்லையே!

"அது வேற, இது வேற" என்றார் ஜெபதாஸ். குரலில் சுரத்தில்லை.

அந்நேரம் பார்த்துத் தெருப்பிள்ளைகள் பர்மிய மொழியில் "மீ லாபீ!" என்று கூவினார்கள். கரண்ட் வந்துவிட்டது. மறுபடி போவதற்குள் அரைத்து முடிக்க வேண்டுமே என்று அந்தக் கூவலுக்குப் பறந்தடித்து எழும் விக்டோரியா, இன்றைக்கு அசையவில்லை.

"விக்டோரியா, சுவிட்சப் போடு."

"சீட் வரட்டும், போடுறேன்."

"ஊறுன உளுந்து கெட்டுப்போயிரும்!"

"போகட்டும். காலையில டீக்கடைக்காரங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

ஜெபதாஸ் மகள் பக்கம் திரும்பினார். "அந்த ஊர்ல கடைசியில என்னதாம்மா பண்ணாங்க?"

"லேசுல குடுக்கலப்பா. கூட்டம், கலாட்டா எல்லாம் நடந்து, அப்புறந்தான் மேட்டோட சீட்ட எடுத்துட்டு மான்செஸ்டருக்கும் குடுத்தாங்க. தொழிலாளிங்களுக்கு ஓட்டுக் கெடைக்க இன்னும் ரொம்ப வருஷமாச்சு. பொம்பளைங்களுக்கு அதுக்கும் மேல."

"அவ்வளவு நாளெல்லாம் உளுந்து தாங்காது" என்றார் ஜெபதாஸ். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "தம்பிங்க சீட்ட எடுக்க மாட்டேன், கூடப் பொறந்தவனுங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொண்ணு தர்றேன். போதுமா?"

"எனக்கு அந்தப் பையன் சம்மதம்" என்றாள் விக்டோரியா உடனே.

ஷாரோன் தலையைக் குனிந்துகொண்டு கையை மட்டும் தூக்கினாள்.

"வேணாங்கிறது ரெண்டு, வேணுங்கிறது ரெண்டு. இப்ப நீங்கதாண்ணே" என்றாள் நாஜியா.

தம்பிகள் பேசி முடித்தபின் தலையாட்டியே பழகியவர் ஜெபதாஸ். இன்று ஒளிந்துகொள்ள அவருக்கு முன்னால் யார் முதுகும் இல்லை. மகளைப் பார்த்தார். தூக்கிய கையை அவள் இன்னும் இறக்கவில்லை.

"எனக்கு அந்தப் பையன மொதல்லேருந்தே புடிக்கும்" என்றார் அவர்.

எழுந்துபோய்ச் சுவிட்சைத் தானே போட்டார். மோட்டார் 'கீச்' என்று கத்திக்கொண்டு சுழன்றது.

"பெல்ட்டு கத்துது பாரு. நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் கார்த்திகேசன வரச் சொல்லும்மா. அவங்க அம்மாவையும் கூட்டிட்டு வரட்டும்."

"அம்மாவும் பெல்ட்டப் பாக்கவா வர்றாங்க?" என்று சிரித்தாள் நாஜியா.

"தம்பிங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்று ஜெபதாஸ் போனைத் தேடினார். விக்டோரியா உளுந்தை அள்ளிக் கிரைண்டரில் போட்டாள். ஷாரோன் போனோடு வாசலுக்குப் போனாள். கார்த்திகேசன் எடுத்ததும், உள்ளே ஓடும் மோட்டாரையும் மீறிக் கத்தித்தான் அவள் சேதி சொல்ல வேண்டியிருந்தது. தெருவே கேட்டது.